வலது பக்கம் திரும்ப முடியாது

இந்தக் குளிர்காலத்தில் ஒரு கொக்கையாவது அழவைத்து ஊருக்கு அனுப்பாமல் ஓய்வதில்லை என்று வாஷிங் மெஷின் மெக்கானிக் சபதம் போட்டார். பல் தேய்த்துக்கொண்டே போட்ட சபதம். பாதி நுரையோடு கீழே விழுந்துவிட்டது.

கொக்கு என்றால் பறவை இல்லை. குளிர் ஊர்களிலிருந்து வருஷா வருஷம் வெயில் காய வருகிற ஆட்கள். வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கால்சட்டை. கடற்கரையில் ஒற்றைக் காலில் நின்று செருப்பில் ஒட்டிய மணலை உதறுவார்கள். அதனால் அந்தப் பெயர். அவர்கள் ஊரில் பனி கொட்ட ஆரம்பித்தால் வந்து இறங்குவார்கள், இங்கே வெயில் ஏறினால் கிளம்பிவிடுவார்கள். நடுவில் இருக்கிற மாதங்களில் ஊர், ஊர்க்காரர்களுக்குச் சொந்தம் இல்லை. ரொட்டிக்கடையில் ரொட்டி இருக்காது. பல் டாக்டரிடம் போனால், பல் தானாக விழுகிற வரைக்கும் முறை வராது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். கார்களைத்தான் பொறுக்க முடியாது. கடற்கரைச் சாலையில் காருக்குப் பின்னால் கார். அந்தப் பக்கம் போக நினைக்கிற எறும்புகூடக் கெஞ்சித்தான் போக வேண்டும்.

மெக்கானிக் குடியிருந்த தெரு அந்தச் சாலையில் போய் முட்டும். முட்டுகிற இடத்தில் சிக்னல் கிடையாது, போலீஸ் கிடையாது. இடது பக்கம் திரும்புவது பெரிய விஷயம் இல்லை. ஊர்ந்து போகிற வரிசையில் மூக்கை நுழைத்தால் போதும். வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் ஒரு வரிசையைப் பிளந்து இன்னொரு வரிசையில் ஏற வேண்டும். அது மனிதப் பிறவியால் ஆகாது. அதனால் குளிர்காலம் முழுக்க அந்தத் தெரு இடது பக்கமாகவே வாழ்ந்தது. இடது பக்க மளிகை, இடது பக்க மருந்துக்கடை, இடது பக்க வங்கி. போன வருஷம் வலது பக்க முடிவெட்டுக் கடையில் ஷேவிங் பண்ணிக்கொள்ளக் கிளம்பிய எதிர்வீட்டுத் தையல்காரர், முனையில் காத்திருந்து காத்திருந்து, தாடியோடு வீடு திரும்பினார்.

கொக்குகளைத் திட்டுவதில் மெக்கானிக்கை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் இல்லை. "இவனுங்க ஊர்ல சூரியன் இல்லைன்னா அதுக்கு நாமளா பொறுப்பு?" என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். கேட்பவர்களுக்கு ரத்தம் கொதிக்கும்.

பொய். சுத்தப் பொய். கொக்குகள் என்றால் அவருக்கு உயிர். காரணம் ஒன்றே ஒன்றுதான். அவர் மச்சான் வீடு வலது பக்கம் இருந்தது.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அவர் தன் கையாலேயே வீட்டுக்கு மாடி கட்டிக்கொண்டிருந்தார். ஆரம்பித்தபோது மெக்கானிக்குக்குத் தலைமுடி கறுப்பு. "ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க மாப்பிள்ளை" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். போனதும் சாப்பாடு வராது, செங்கல்தான் வரும். சுவர் எழும்பும். மச்சான் தூர நின்று பார்ப்பார். "கோணலா இருக்கே" என்பார். இடிப்பார். அதே செங்கலை மெக்கானிக் கீழே இறக்க வேண்டும். அடுத்த ஞாயிறு அதே செங்கலை மேலே ஏற்ற வேண்டும். சில செங்கற்களை அவருக்கு முகம் பார்த்தே அடையாளம் தெரியும்.

குளிர்காலம் வந்தால் விடுதலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை, தினசரிச் சாயங்காலமும் விடுதலைதான். வேலை முடிந்ததும் நேரே டயர்க்கடைக்குப் போவார். கடைக்குப் பின்னால், பழைய டயர்களுக்கு நடுவே ஒரு கேரம் போர்டு. போர்டில் பவுடர் தூவி, இருட்டுகிற வரைக்கும் ஆட்டம். வீட்டுக்கு வந்ததும் "ஏன் இவ்வளவு நேரம்?" என்ற கேள்விக்கு ஒரே வார்த்தை: "டிராஃபிக்." மற்ற புருஷன்களெல்லாம் மூளையைக் கசக்கிப் புதுப் பொய் தேடும்போது இவருக்கு நாலு மாசத்துக்கு ஒரே பொய் போதும். கொக்குகளுக்குச் சிலையே வைக்கலாம்.

அந்த வருஷமும் கொக்குகள் வந்து சேர்ந்தன. மனைவி ஆரம்பித்தாள்.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை அண்ணன் வரச் சொன்னார்."

"போகலாமே! எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ரோடு விடணுமே."

"விடியறதுக்குள்ள கிளம்பிடலாம்."

"கொக்கு அதுக்கு முன்னாடியே எந்திரிச்சிடும். சூரியன் வர்றதைப் பாக்கணுமாம் அதுங்களுக்கு."

"இடது பக்கம் போய்ச் சுத்திக்கிட்டு வரலாம்."

"சுத்தினா பாலத்துமேல ஏறணும். பாலத்துமேல வண்டியை நிறுத்திட்டு போட்டோ எடுத்துக்கிட்டு நிக்கும்."

"அப்போ நடந்தே போகலாம்."

"இந்த இடுப்பை வச்சுக்கிட்டா? என்னைப் பார்த்தா உனக்குப் பாவமா இல்லையா?"

மனைவி அவரைப் பார்த்தாள். பாவமாகப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

"கையில என்னங்க வெள்ளையா?"

"சோப்புத்தூள். வாஷிங் மெஷினைத் திறந்தா பின்ன மைசூர்பாகா கொட்டும்?"

"விரல் நுனியில மட்டும் இருக்கே."

"விரலாலதானே ரிப்பேர் பண்றேன்? முழங்கையாலயா பண்ணுவாங்க?"

மனைவி எதுவும் பேசாமல் உள்ளே போனாள். மனைவி பேச்சை நிறுத்தினால் தான் ஜெயித்துவிட்டதாக நினைக்கிற ஆண்கள் உலகத்தில் நிறைய இருக்கிறார்கள். மெக்கானிக் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர்.

மறுநாள் அவளே வந்தாள். "கொக்கு வண்டியால அண்ணன் தங்கச்சி முகத்தைப் பாத்துக்க முடியலைன்னா சும்மா விடக்கூடாதுங்க. நகராட்சியில புகார் கொடுக்கப் போறேன்."

"கொடு! தாராளமாக் கொடு! என் பேரையும் சேர்த்துக்கோ!"

இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்றால், அவருக்கு நகராட்சியைத் தெரியும். தெருவிளக்கு எரியவில்லை என்று போன வருஷம் புகார் கொடுத்தார்கள். நகராட்சியிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, எரியாத விளக்குக்குக் கம்பம் எதற்கு என்று கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

ஆனால் இந்த முறை ஒரு அதிகாரி நேரில் வந்துவிட்டார். தையல்காரர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, தெருவே கூடியது. "நீங்கதான் நல்லாப் பேசுவீங்க, பேசுங்க" என்று எல்லோரும் மெக்கானிக்கை முன்னால் தள்ளினார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு வேகம் வந்துவிட்டது.

"சார்! என் பொண்டாட்டிக்கு ஒரே ஒரு அண்ணன். அந்தப் பக்கம்தான் இருக்கார். இங்கேயிருந்து கூப்பிட்டா கேக்கும், போக முடியாது! எதுக்கு முடியாது? எவனோ வெயில் காயணும்! ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் அந்த முனையில வண்டியை நிறுத்திட்டு, வலது பக்கம் திரும்ப முடியாமக் கண்ணீர் விடறேன் சார்!"

தையல்காரர் மூக்கைச் சிந்தினார். கைதட்டல் அடங்க நேரம் ஆனது.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "உங்க கஷ்டம் புரியுது. ஆனா முனையில நிறுத்த எங்ககிட்ட ஆள் இல்லை. உங்க தெருவுலேயே யாராவது முன்வந்தா பயிற்சி கொடுக்கறோம். விசிலும் சட்டையும் கொடுக்கறோம். வண்டியை நிறுத்துற அதிகாரமும் கொடுக்கறோம்."

வெயிலில் நின்று விசில் ஊத யாருக்கு ஆசை? எல்லோரும் மெதுவாக மெக்கானிக் பக்கம் திரும்பினார்கள். கண்ணீர் விட்டவர் அவர்தானே. அவருக்குக் கண்ணீரெல்லாம் நின்று வேர்வை வர ஆரம்பித்தது.

"ஐயோ, அவரை விட்டுருங்க" என்று எழுந்தாள் மனைவி. "அவருக்கு இடுப்பு வலி. அவரால நிக்க முடியாது."

மெக்கானிக்குக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. ஆயிரம்தான் இருந்தாலும் கட்டின பெண்டாட்டி கட்டின பெண்டாட்டிதான். ஆபத்தில் கைவிடவில்லை பாருங்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டே நழுவி, இடது பக்கம் திரும்பி, டயர்க்கடையில் போய்த்தான் நிமிர்ந்தார். அவர் போன பிறகு அதிகாரியும் மனைவியும் என்ன பேசினார்கள் என்று கேட்க அவர் அங்கே இல்லை.

அடுத்த வாரம் மனைவி சொன்னாள்: "என்னங்க, நகராட்சிக் கட்டடத்துல ஒரு வகுப்பு நடக்குது. சாயங்காலம் போய்ட்டு வரட்டுமா?"

"போ, போ. நல்லா ஆற அமரக் கத்துக்கிட்டு வா."

டயர்க்கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் குறி பார்த்துக்கொண்டிருந்த காயை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அண்ணி என்ன வகுப்புக்குப் போறாங்க?"

"கேக்கலை."

"கேக்கலையா? எப்படிண்ணே கேக்காம விட்டீங்க?"

"உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை, அதான் தெரியலை. பொண்டாட்டி வெளிய கிளம்பறேன்னு சொன்னா ஏன்னு கேக்கக் கூடாது. கதவைத் திறந்து பிடிச்சுக்கணும். நீ அடி."

"எனக்கு என்னமோ சரியாப் படலைண்ணே" என்று சொல்லிக்கொண்டே டயர்க்கடைக்காரர் அடித்தார். அவருடைய ஸ்ட்ரைக்கர்தான் குழியில் விழுந்தது. மெக்கானிக் சிரித்தார். வயிறு வலிக்கச் சிரித்தார்.

அந்தச் சனிக்கிழமை மனைவி மறுபடியும், "நாளைக்கு அண்ணன் வீடு" என்றாள். மெக்கானிக்குக்குச் சலித்துவிட்டது. இந்தப் பேச்சை ஒரேயடியாக வெட்டிவிட ஒரு திட்டம் போட்டார். கொக்கு தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற திட்டம்.

"இதோ பாரு, ஒரு ஒப்பந்தம். நாளைக்கு நான் வேனை எடுத்துக்கிட்டு முனைக்குப் போறேன். வலது பக்கம் திரும்ப வழி கிடைச்சா, இந்தக் குளிர்காலம் முழுக்க, ஒவ்வொரு ஞாயிறும் உங்கண்ணன் வீடுதான். கிடைக்கலைன்னா, கொக்கு கடைசியாக் கிளம்பிப் போற வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

"என் தலையில அடிச்சுச் சொல்லுங்க."

அடித்துச் சொன்னார். சந்தோஷத்தில் கொஞ்சம் பலமாகவே அடித்துவிட்டார்.

"சரி. எனக்கு வகுப்பு முடிஞ்சு வேலை இருக்கு, நான் முன்னாடியே கிளம்பிடறேன்" என்றாள் மனைவி. "நீங்க மெதுவா வாங்க. முனையில பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் குளித்து, தலை வாரி, விசிலடித்துக்கொண்டே வேனை எடுத்தார். முனையில் நாகரிகத்துக்குக் கொஞ்ச நேரம் நிற்பது. உதட்டைப் பிதுக்குவது. மனைவியைப் பார்த்து "என்ன பண்றது, நம்ம தலையெழுத்து" என்று கையை விரிப்பது. பிறகு இடது பக்கம் ஒரே ஒடி. டயர்க்கடை. கணக்கு சரியாக இருந்தது.

தெருமுனையில் இன்னொரு விசில் கேட்டது. அவருடையதைவிடப் பெரிய விசில்.

சாலை நடுவே ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு ஆள். ஒரு கையில் 'நில்' என்று எழுதிய பலகை. மறு கையை உயர்த்தியதும் இந்தப் பக்க வரிசை நின்றது. அந்தப் பக்க வரிசையும் நின்றது. கடலே ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. ஆரஞ்சுச் சட்டை திரும்பியது. மெக்கானிக்கின் வாயிலிருந்த விசில் காற்றாகப் போய்விட்டது.

"வாங்க!" என்று கூப்பிட்டாள் மனைவி. "வழி கிடைச்சிருச்சு!"

ஆண் மூளை ஆபத்தில் வேகமாக வேலை செய்யும். நன்றாக வேலை செய்யும் என்று யாரும் சொல்லவில்லை. மெக்கானிக் எஞ்சினை அணைத்தார். "வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதும்மா! பேட்டரி போயிருச்சு போலிருக்கு! நீ பாவம் எல்லாரையும் நிறுத்தி வைக்காதே. அவங்களை விட்டுரு, வெளியூர்லேர்ந்து வந்தவங்க!"

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கொக்குகளுக்காகப் பரிந்து பேசினார்.

மனைவி முதல் காருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து ஏதோ சொன்னாள். கதவு திறந்தது. பின்னால் இருந்த கார்களின் கதவுகளும் திறந்தன. வெள்ளைத் தொப்பிகள் இறங்கி வந்தன. எல்லோரும் தாத்தாக்கள். ஆனால் தோள்கள் தாத்தாக்களின் தோள்கள் இல்லை.

"கவலைப்படாதீங்க தம்பி" என்றார் ஒரு கிழக்கொக்கு, கைகளைத் தேய்த்துக்கொண்டு. "எங்க ஊர்ல பனியில மாட்டின வண்டியைத் தள்ளித் தள்ளியே வளர்ந்தவங்க நாங்க. இங்க வந்து சும்மா உக்காந்து கை துருப்பிடிச்சுப் போச்சு. கியரை எடுத்துட்டு ஸ்டீயரிங்கை மட்டும் பிடிச்சுக்கோங்க."

"இடது பக்கம்! இடது பக்கம் தள்ளுங்க!" என்று கத்தினார் மெக்கானிக்.

கொக்குகள் மனைவியைப் பார்த்தன. மனைவியின் பலகை வலது பக்கம் நீண்டது. அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்துகொள்கிற வயசு அவர்களுக்கு. வேன் வலது பக்கம் திரும்பியது. காருக்குள்ளிருந்தே ஒரு பாட்டிக் கொக்கு கைதட்டியது. வேன் சரிவில் உருள ஆரம்பித்தது.

"நீ வரலையா?" என்று ஜன்னல் வழியாக அலறினார்.

"எனக்கு வேலை இருக்குல்ல? இருட்டற வரைக்கும் இங்கதான் நிக்கணும். நீங்க போய் அண்ணனுக்கு ஒத்தாசையா இருங்க. டிராஃபிக்கைப் பத்திக் கவலையே வேண்டாம். திரும்பி வரும்போதும் நான் பாத்துக்கறேன்!"

சரிவு நேரே மச்சான் வீட்டு வாசலில் போய் முடிந்தது. வேனும் முடிந்தது. மச்சான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"வாங்க மாப்பிள்ளை! கண்ணீர் விட்டீங்களாமே, தங்கச்சி சொன்னா. இனிமே அழ வேண்டாம். நேத்துதான் வடக்குச் சுவரை இடிச்சேன்."

மெக்கானிக் தலைக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு நிமிர்ந்தார். அப்போதுதான் பார்த்தார். ஏற்கனவே ஒரு ஆள் தலையில் செங்கலோடு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். டயர்க்கடைக்காரர்.

"டேய், நீ எப்படிடா இங்க?"

"கடைக்குத்தாண்ணே கிளம்பினேன். முனையில அண்ணி விசிலடிச்சு, இந்தப் பக்கம் கையைக் காட்டினாங்க. விதியை மீறலாமாண்ணே?"

"முட்டாள்! கடை எங்கேயும் ஓடிப் போயிடாது. இருட்டினதும் நேரா அங்க போயிடலாம், விடு. நமக்குப் போர்டு இருக்கு."

டயர்க்கடைக்காரர் செங்கலை இறக்கி வைத்துவிட்டு, மூலையைக் காட்டினார். அங்கே மச்சான் குந்தி உட்கார்ந்து, கரண்டியால் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார். கலவைக்கு அடியில் நாலு மூலையிலும் நாலு குழி தெரிந்தது.

"நல்ல வழுவழுப்பான பலகை மாப்பிள்ளை" என்றார் மச்சான். "தங்கச்சிதான் கொடுத்துவிட்டா."