மோட்டார் ரூமில் ஒரு குடித்தனம்

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு நாள்தான் ஏழையாக இருந்திருக்கிறேன். சரியாகச் சொன்னால் காலை ஒன்பதே முக்காலில் இருந்து பத்து மணி வரை. அந்தக் கால் மணி நேரத்தைக்கூட என்னால் உருப்படியாகச் செய்து முடிக்க முடியவில்லை.

எங்கள் ஊர் பெருமாட்டிப் பக்கம். கேரளாதான், ஆனால் பேச்சும் சாப்பாடும் கோயமுத்தூர். தென்னந்தோப்பு, ஆறு அறை கொண்ட ஓட்டு வீடு, அதில் எனக்கும் என் மனைவி கவிதாவுக்கும் ஏசி வைத்த தனி ரூம் என்று ஒரு குறையும் இல்லை. (புத்தியைத் தவிர.) அப்போதுதான் வீடில்லாதவர்களுக்கு அரசாங்கம் வீடு கட்டப் பணம் கொடுக்கிற திட்டத்துக்கு மனு வாங்கினார்கள். "சும்மா வர்றதை எதுக்கு உடறது?" என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். அந்த ஒரு கேள்வி என் மண்டைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு சின்ன வீடு கட்டினால் தேங்காய் போட்டு வைக்க வசதியாக இருக்குமே! ஆமாம், ஏழைகளுக்கு வருகிற பணத்தில் எனக்குத் தேங்காய்க் குடோன். இதை எழுதும்போது எனக்கே என்னை ஓங்கி அறையத் தோன்றுகிறது.

தோப்புக்கு நடுவில் எங்கள் மோட்டார் ரூம் இருக்கிறது. சிமெண்ட் ஷீட் கூரை, பத்துக்குப் பத்து, அதில் பாதி இடம் மோட்டாருக்கு. அப்பாவோடு சண்டை போட்டுப் பிரிந்து, மனைவி, கைக்குழந்தையோடு அங்கேதான் தனிக்குடித்தனம் இருப்பதாக எழுதிக் கொடுத்து, தனியாக ஏழைகளுக்கான ரோஸ் கலர் ரேஷன் கார்டும் வாங்கிவிட்டேன். இது எதுவும் அப்பாவுக்குத் தெரியாது. மனுவில் நான் எழுதிய சோகத்தைப் படித்தால் கல்லும் கரையும். வார்டு பட்டியலில் என் பெயர் முதலாவதாக வந்தது. இரண்டாவது பெயர் ராசாத்தி. அந்த முறை எங்கள் வார்டுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வீடு.

ராசாத்தி எங்கள் தோப்புக்கு வேலைக்கு வருகிறவள். புருஷன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். வாய்க்கால் ஓரம் மூன்று சென்ட் பட்டா நிலத்தில் தார்ப்பாய் போட்ட குடிசை. மழை பெய்தால் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வராந்தாவில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பாள். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

நேரில் பார்த்து விசாரிக்க ஆபீசர் மேடம் நாளைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. மோட்டார் ரூமில் கட்டில் போட்டேன், கொடி கட்டித் துணி தொங்கவிட்டேன். அடுப்பு கூட்டினேன். ஆனால் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் எல்லாம் பளபளவென்று மின்னித் தொலைத்தன. ஏழை வீட்டுப் பாத்திரத்துக்கு எங்கே போவது? நேராக ராசாத்தியிடம் போய் நின்றேன்.

"ராசாத்தி, ஒரு நாளைக்கு உன்ற சட்டி பானையக் குடு. நெல்லு அவிக்கோணும்."

"எடுத்துக்கங்ண்ணா, அதுக்கென்னங்க" என்று இரண்டு கரிபிடித்த சட்டி, ஒரு நசுங்கின குண்டா, அகப்பை, மூடி எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாள். அவளிடம் இருந்ததே அவ்வளவுதான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை கவிதாவைக் கையைக் காலைப் பிடித்துக் கூட்டிவந்து குழந்தையோடு கட்டிலில் உட்கார வைத்தேன்.

"நான் வாயத் தொறக்க மாட்டேன், பாத்துக்கங்க" என்றாள்.

"தொறக்காத தாயி, அது போதும்."

மோட்டாரை மட்டும் மறைக்க முடியவில்லை. அதன்மேல் போர்வையைப் போர்த்தி, முருகன் படம் வைத்து, பக்கத்தில் ராசாத்தியின் குண்டாவையும் வைத்துப் பூஜை மேடை ஆக்கிவிட்டேன்.

ஸ்கூட்டரில் மேடம் வந்து இறங்கினார். மலையாளி. முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. கையில் ஃபைல்.

"இவிடெ ஆராணு தாமசம்?" என்றார். யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்கிறார்.

"நாங்கதானுங்க மேடம். நெம்பக் கஷ்டமுங்க" என்று குரலைத் தழுதழுக்க விட்டேன்.

அப்போது மணி சரியாகப் பத்து.

எங்கள் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் உண்டு. வீட்டில் உட்கார்ந்துகொண்டே போன் அடித்தால் மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும். தினமும் பத்து மணிக்கு அப்பா போன் அடிப்பார். சட்டி பானை வரை யோசித்த இந்த மேதைக்கு அது மட்டும் மறந்துபோயிற்று.

டடடடவென்று பூஜை மேடை உறுமியது. போர்வை சுற்றிக்கொண்டது. முருகன் பறந்து கட்டிலில் விழுந்தார், குண்டா மேடத்தின் காலடிக்கு உருண்டது. பைப் இணைப்பிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்து என் தலையை நனைத்தது. குழந்தை வீல் என்று அலறியது. வாயைத் திறக்க மாட்டேன் என்றவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் பாய்ந்துபோய் மெயினை அணைத்தேன்.

"ஆரா ஓன் ஆக்கியது?" என்றார் மேடம். மோட்டாரைப் போட்டது யார் என்கிறார்.

"காத்துங்க மேடம்" என்றேன். (நிஜமாகவே அப்படித்தான் சொன்னேன்.)

ஓடின மோட்டார் ஏன் நின்றது என்று பார்க்க அப்பாவே வந்துவிட்டார்.

"ஏண்டா, ஊட்டுக் கட்டலு இங்க எதுக்குடா கெடக்குது?" என்றவர் மேடத்தைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "மேடம், மோட்டார் ரூம்ல நின்னுட்டு இருக்கறீங்களே! ஊட்டுக்கு வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்."

வந்தவர்களைப் பச்சைத் தண்ணியோடு அனுப்பிவிட்டால் எங்கள் அப்பாவுக்கு ஒரு வாரம் தூக்கம் வராது. நான் கண்ணைக் காட்டினேன், காலை மிதித்தேன். "என்னடா மிதிக்கறே?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டு மேடத்தைக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

வீட்டில் இட்லிக்கு முன்னால் வீட்டைச் சுற்றிக் காட்டும் படலம் நடந்தது. "இது பையன் ரூமுங்க. போன சித்திரையிலதான் டைல்ஸ் போட்டம்."

"மகன் இவிடெயாணோ தாமசம்?"

"பின்ன எங்கீங்க? ஏசி இல்லாம அவனுக்குத் தூக்கமே வராதுங்க."

மேடம் ஒரு கையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே மறுகையால் எழுதிக்கொண்டிருந்தார். நான் தூணோடு தூணாக நின்றேன்.

அப்போது வாசலில் ராசாத்தி. மேடம் வந்திருப்பதை யாரோ வயலுக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மூச்சு வாங்கியது.

"ஏனுங்ண்ணா, நெல்லு அவிச்சாச்சுங்களா? மத்தியானத்துக்குச் சோறாக்கோணும். காலைல புள்ளைங்களுக்குப் பன்னு வாங்கிக் குடுத்துத்தானுங்க அனுப்பினேன்." பிறகு மேடத்தின் பக்கம் திரும்பினாள். "ஊடு பாக்க வந்தீங்களாமுங்க? நான் வேலைக்குப் போயிட்டனுங்க."

மேடம் ஃபைலைப் புரட்டினார். காலையில் இங்கே வருகிற வழியில் அவள் குடிசையைப் பார்த்திருக்கிறார். அடுப்பு ஆறிக் கிடக்கிறது, ஒரு பாத்திரம்கூட இல்லை, ஆள் தாமசம் இல்லை என்று எழுதியிருக்கிறார். என் பெயரும் அடிபட்டாயிற்று, அவள் பெயரும் அடிபடப் போகிறது.

என்னால் அந்தப் பிள்ளைகள் பன்னைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள். அவமானமாக இருந்தது. தண்ணீரில் நனைந்ததற்கோ அப்பா ஏசியைப் பற்றிச் சொன்னதற்கோ இல்லை, இதற்குத்தான் அவமானம்.

"மேடம், அந்தக் குண்டா, சட்டி எல்லாம் இவளுதுங்க" என்றேன். "நான்தான் பொய் சொல்லி வாங்கிட்டு வந்தேன். இவ அங்கதான் குடியிருக்கறா. எழுதினத அடிச்சிருங்க."

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை நான் தமிழில் எழுதினால் இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள். பிறகு ராசாத்தியோடு நடந்துபோய்க் குடிசையை மறுபடியும் பார்த்தார். பின்னால் சட்டி பானைகளைத் தலையில் சுமந்துகொண்டு போனது நான்.

என் ரோஸ் கார்டு, வசதியானவர்களுக்கான வெள்ளைக் கார்டு ஆயிற்று. விலாசம் மட்டும் இன்னும் மோட்டார் ரூம்தான். மாற்ற வேண்டுமானால் அதே மேடம் நேரில் வந்து பார்க்க வேண்டுமாம், எனக்கு அந்தத் தைரியம் இல்லை. சண்டை வந்தால் கவிதா கதவைச் சாத்திக்கொண்டு, "உங்க அட்ரஸுல போய்ப் படுங்க" என்கிறாள். அப்பா விருந்தாளிகளிடம் என்னை, "பையனுங்க, காத்துலயே மோட்டார் ஓட்டுவானுங்க" என்று அறிமுகப்படுத்துகிறார்.

ராசாத்திக்கு வீடு கிடைத்தது. இரண்டு அறை, கான்கிரீட் கூரை. போன ஐப்பசியில் நல்ல மழை, பைக்கில் வந்த நான் அவள் வீட்டு வாசலில் ஒதுங்கினேன். "உள்ள வாங்ண்ணா" என்று நாற்காலி போட்டாள். உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சின்னப் பெண் இது யாரென்று கேட்டாள்.

"நமக்கு ஊடு உட்டுக் குடுத்த அண்ணன் கண்ணு, கும்பிடு" என்றாள் ராசாத்தி.

அந்தக் குழந்தை எழுந்து நின்று கும்பிட்டது. ராசாத்தி கிண்டலாகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று அவள் முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நான் மழையிலேயே இறங்கி வீட்டுக்குப் போய்விட்டேன்.