காயாத கதவும் என் மாமனாரும்

மாமனார் வீட்டில் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசை ஒருவனுக்கு வந்தால், லீவு போட்டுவிட்டு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவது உத்தமம். நான் லீவு மட்டும் போட்டேன். தூங்கவில்லை.

எங்களுக்குக் கல்யாணமான புதிது. அடையாறில் ஒரு பழைய ஃப்ளாட்டை வாங்கிக் குடிபோயிருந்தோம். என் மனைவி சுமதியின் தங்கை, சென்னையில் ஹாஸ்டலில் இருந்த நித்யாவுக்கு வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மயிலாப்பூரில் ஒரு சின்ன மண்டபத்தில் நிச்சயதார்த்தம். மாமனாரும் மாமியாரும் விழுப்புரத்திலிருந்து காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு ஓய்வெடுத்து, மாலையில் மண்டபத்துக்குப் போவதாக ஏற்பாடு. எங்கள் வீட்டை அவர்கள் பார்க்கப்போவது அதுதான் முதல் தடவை.

வீடு நன்றாகத்தான் இருந்தது, கதவுகளைத் தவிர. முன்பு இருந்தவர்கள் எந்தக் காலத்திலோ பூசிய பழுப்பு நிறம் அங்கங்கே உரிந்து, கதவுகளுக்கெல்லாம் தோல் வியாதி வந்த மாதிரி இருந்தது. பெயிண்டரைக் கூப்பிட்டால் ஆடி பிறக்கட்டும் என்றார். ஸ்க்ரீன் போட்டு மறைத்துவிடலாம் என்றாள் சுமதி. நான் சம்மதிக்கவில்லை. மாமனார் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் நிலை, கதவு, ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தான் மனிதர்களைப் பார்ப்பார். (கல்யாணத்துக்கு முன் என் அப்பா வீட்டுக்கு வந்தபோதும் என்னைக் கடைசியாகத்தான் பார்த்தார்.)

அந்த நேரத்தில்தான் அந்த வீடியோ என் கண்ணில் பட்டது. வெள்ளை உடுப்பு போட்ட ஒருவர் துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கதவின் குறுக்கே மெதுவாகக் கையை வீசுகிறார். கதவு கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. ஏர்லெஸ் ஸ்ப்ரேயர் என்று பெயர். காற்றைக் கலக்காமல், பெயிண்டை மட்டும் பயங்கர அழுத்தத்தில் பீய்ச்சும் மிஷின். பிரஷ் தடம் விழாது. அவர் கையில் ஒரு சொட்டுக்கூட ஒட்டவில்லை. நானும் அந்த உடுப்பைப் போட்டால் அப்படித்தான் இருப்பேன் என்று தோன்றியது.

தி.நகரில் ஒரு சந்துக்குள் அந்த மிஷினை வாடகைக்கு விடும் பாபுவைக் கண்டுபிடித்தேன். எத்தனை மாடிக் கட்டடம் என்று கேட்டார். மூன்று கதவு என்றேன். என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூணு கதவுக்கு இத்த எட்த்துகினு போறியா சார்? சரி, உன் இஷ்டம்."

துப்பாக்கியின் வாயில் மாட்டுகிற டிப்பில் சின்னது, பெரியது என்று இரண்டு வகை இருந்தன. கதவுக்குச் சின்னது, சுவருக்குப் பெரியது என்றார். சீக்கிரம் முடியட்டும் என்று பெரியதை வாங்கிக்கொண்டேன். வழியில் ஒரு பெரிய டப்பா தந்த நிறப் பெயிண்டும் வாங்கினேன்.

சனிக்கிழமை சுமதி நித்யாவுடன் புடவை ப்ளவுஸ் வாங்கப் போயிருந்தாள். வீடியோவில் சொன்னபடி கைப்பிடிகளைக் கழற்றினேன். தரையில் செய்தித்தாள் விரித்தேன். தூசி ஒட்டக் கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தினேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். வைகாசி வெயிலில் வேர்த்துக் கொட்டியது. அதனால் ஃபேனைப் போட்டேன். (வீடியோவில் ஃபேன் போடச் சொல்லவும் இல்லை, போடக் கூடாது என்று சொல்லவும் இல்லை.)

விசையை அழுத்தினேன். மிஷின் ஒரு உறுமல் உறுமியது. மோட்டார் ஓடும் கிணற்றுக் குழாயை வீட்டுக்குள் திருப்பிவிட்ட மாதிரி பெயிண்ட் வந்தது. கதவில் பட்டது கொஞ்சம். மீதி பனிமூட்டமாக எழுந்து ஃபேன் காற்றில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, வீட்டிலுள்ள அத்தனை பொருள்மேலும் பாரபட்சமில்லாமல் இறங்கியது. சோபா, டிவி, ஃப்ரிட்ஜ், துளசிச் செடி. கதவில் வழிந்த இடங்களை மறைக்க இன்னொரு கோட், அது வழிந்ததை மறைக்க இன்னொன்று என்று டப்பா தீரும்வரை அடித்தேன். கடைசியில் கதவுகள் மட்டும் வழவழவென்று ஆகிவிட்டன.

சுமதி திரும்பி வந்து கதவைத் திறந்தவள், வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு, "உங்க புருவம் எங்கே?" என்றாள். தடவிப் பார்த்தேன். இருந்தது. தந்த நிறத்தில் இருந்தது.

அன்று பொழுது சாயும்வரை இருவரும் தின்னர் நனைத்த துணியால் வீட்டைத் துடைத்தோம். அவள் என்னோடு பேசிய ஒரே விஷயம், கதவு இன்னும் காயவில்லை, நாளை யாரும் அதைச் சாத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான். கைப்பிடிகளைத் திரும்ப மாட்டும்போது பாதி ஸ்க்ரூவைக் காணவில்லை. கைப்பிடிக்கு ஒன்று என்று பங்கிட்டு மாட்டினேன்.

மறுநாள் காலை மாமனாரும் மாமியாரும் வந்தார்கள். மாமனார் வழக்கம்போல் நேராகப் படுக்கையறைக் கதவின் முன் போய் நின்றார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"யார் வேலை மாப்ளே இது? ஃபேக்டரியில பண்ணின மாதிரி இருக்கே."

நான்தான் என்றேன். அவர் திரும்பி என்னை முழுசாகப் பார்த்தார். அவர் கதவைப் பார்க்கிற அதே பார்வை. அந்த நிமிஷத்தில் 'இன்னும் காயலை மாமா' என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் தொடாமல் நகர்ந்ததே தெய்வச்செயல் என்று இருந்துவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டதும் மாமனார் படுக்கையறைக்குள் போய், ஏசி போட்டு, கதவை அழுத்திச் சாத்திக்கொண்டு தூங்கிவிட்டார். நிச்சயதார்த்த அலைச்சலில் மனிதர் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லையாம். சுமதி சமையலறையில் இருந்தாள். நான் பார்த்தேன். எழுப்பினால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று அதையும் விட்டுவிட்டேன்.

மாலை கிளம்பும் நேரத்தில் சுமதி போய்த் தட்டினாள். அவர் உள்ளே எழுந்து வருகிற சத்தம் கேட்டது. கதவை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஏதோ கீழே விழுகிற சத்தம்.

"மாப்ளே," என்றார் உள்ளேயிருந்து, நிதானமாக. "கைப்பிடி என் கையோட வந்துடுச்சு. கதவு வரலை."

கதவும் நிலையும் ஒரே மரமாக ஒட்டிப்போயிருந்தன. நான் தோளால் முட்டினேன். சட்டையில் தந்த நிறம் வந்ததே தவிர கதவு அசையவில்லை. மண்டபத்திலிருந்து நித்யா போன் செய்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள், தட்டு மாற்ற அப்பா வேண்டும், எங்கே இருக்கிறீர்கள் என்று அழாக் குறையாகக் கேட்டாள். வழியில் இருக்கிறோம் என்றாள் சுமதி, என்னைப் பார்த்துக்கொண்டே. அந்தப் பார்வையை விட மிஷினின் அழுத்தம் குறைவு.

அந்த நேரம் பார்த்து, மிஷினைத் திரும்ப எடுத்துப்போக பாபு வந்தார்.

"உள்ள யாரு சார் கீறாங்க?"

"மாமனார்."

"நீயா பூட்டிவெச்சே?"

பெயிண்ட்தான் பூட்டியது என்று விளக்கினேன். அவரும் என்னோடு சேர்ந்து முட்டினார். இப்போது அவர் சட்டையும் போயிற்று. அதுவரை பட்டுப்புடவையில் ஹாலில் உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்து சமையலறைக்குப் போனார். தோசைத் திருப்பியோடு வந்தார். எங்களை ஒதுங்கச் சொல்லிவிட்டு, கல்லில் ஒட்டிய தோசையை எடுக்கிற பதத்தில், கதவுக்கும் நிலைக்கும் நடுவில் அதை விட்டு மேலிருந்து கீழ்வரை ஓரம் கட்டிக்கொண்டே வந்தார். பெயிண்ட் நாடா நாடாவாகப் பிரிந்தது.

"இப்ப தள்ளுங்க," என்றார்.

தள்ளினோம். கதவு சடாரென்று திறந்துகொள்ள, நானும் பாபுவும் போன வேகத்தில் குப்புற விழுந்தோம். எதிரே, அந்த நேரத்துக்குள் பட்டு வேட்டி, ஜிப்பா, நெற்றியில் விபூதி என்று தயாராக நின்றிருந்த மாமனார் காலடியில். அவர் கை தன்னாலேயே உயர்ந்தது. "நல்லா இருங்க," என்றார் எங்கள் இருவரையும் பார்த்து.

பிறகுதான் கதவின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். விரலை முகர்ந்தார்.

"காயலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாப்ளே."

மண்டபத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. தட்டு மாற்றும்போதுதான், ஜிப்பாவின் கைநெடுக ஒரு தந்தநிறக் கோடு இருப்பதைச் சம்பந்தி பார்த்துவிட்டார். என்னவென்று கேட்டார். மாமனார் அந்தக் கோட்டைப் பெருமையாகத் தடவிக்கொண்டு, "பெரிய மாப்பிள்ளை தன் கையாலேயே வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சிருக்கார். ஒரு நாள் வந்து பாருங்க," என்றார். சம்பந்தி என்னை மரியாதையோடு பார்த்தார். சுமதி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. முந்தினநாளிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

வெளியாட்களிடம் என்னை விட்டுக்கொடுக்காத மாமனார், வீட்டுக்குள் அந்தக் கருணையைக் காட்டவில்லை. அன்றிலிருந்து நான் எதைச் செய்தாலும் அந்தக் குடும்பத்தில் ஒரே கேள்விதான். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனால், "காஞ்சிடுச்சா?" ப்ரமோஷன் கிடைத்தது என்று சொன்னால், "காஞ்சிடுச்சா?" நித்யாவின் கணவன் நேற்று வந்தவன், அவனும் கேட்கிறான்.

போன வருஷம் எங்களுக்குப் பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் குழந்தையைத் துணியில் சுற்றி மாமனாரிடம் நீட்டினேன். இரண்டு கையையும் ஏந்தியவர், வாங்குவதற்கு முன் ஒரு கணம் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார்.

"காஞ்சிடுச்சா மாப்ளே?"

"காஞ்சிடுச்சு மாமா," என்றேன்.

காயவில்லை என்பது, ஒரு நிமிஷத்தில் அவர் வேட்டிக்குத் தெரிந்துவிட்டது.