இருபத்தாறு ஆண்டு ஊட்டி வளர்த்த பட்டாளம்

செய்தி வந்தபோது காலை பதினொன்று இருபது. அச்சகத்தின் காகிதக் கிடங்கில், தும்மிய குற்றத்துக்காகத் தன் மைத்துனனையே நிற்கவைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார் படைத்தலைவர்.

படைத்தலைவர் என்றதும் வாளையும் குதிரையையும் தேடாதீர்கள். இவர் கிடங்குக் காப்பாளர். பட்டம் அந்த மைத்துனன் கொடுத்தது. அவர் அதே அச்சகத்தில் புத்தகம் கட்டுகிறவர். எதிர்ப்பு சக்தி வளர்ப்போர் என்று ஓர் இனம் உண்டு. தெருவுக்கு ஒருவர், அலுவலகத்துக்கு இருவர், மருத்துவமனை வராந்தாவில் பெஞ்சுக்கு ஒருவர் என்று பரவியிருக்கும் அந்த இனத்தின் தேர்ந்த மாதிரி நம் படைத்தலைவர். உடம்புக்குள் ஒரு பட்டாளம் இருக்கிறது. அதற்கு வேளாவேளைக்குத் தீனி போட்டால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். இவ்வளவுதான் இவர்கள் கொள்கை. இதற்கு மேல் ஒரு வரி சேர்த்தால் இவர்களுக்குக் காது அடைத்துவிடும்.

இந்த இனத்தாரிடம் தலைவலி என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? வேண்டாம். சௌக்கியமா என்று நாமெல்லாம் கேட்கிற இடத்தில் "சக்தி எப்படி இருக்கு?" என்று கேட்பார், நாம் பதில் சொல்லுமுன் கீழிமையை இழுத்துப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், நகத்தை அமுக்குவார், கடைசியில் எதிரி கோட்டையைச் சுற்றி வளைத்துவிட்டான் என்கிற தோரணையில் பெருமூச்சு விட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுப்பார். பொடி. பதினோரு வேர், நான்கு இலை, பெயரை வெளியிட மறுக்கும் ஒரு பட்டை. நிறம் பாசி. மணம், மழையில் நனைந்த செருப்பு. ஏழு நாளில் ஜலதோஷம் போனால் பொடி போக்கியது. போகாவிட்டால் நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்ததால் சாரம் இறங்கவில்லை. மாடிப்படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்ட அச்சகக் கணக்கரைப் பார்க்கப் போனபோதுகூட, மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பட்டாளம் தெம்பா இருந்தா படி வழுக்குமா?" என்றுதான் கேட்டார். கணக்கர் வழக்காடவில்லை. ஓட முடியாத நிலையில் இருந்தார்.

இந்தப் பொடியை இருபத்தாறு ஆண்டுகளாகத் தினமும் காலையில் குடித்துவந்தவர் ஒருவர் உண்டு. படைத்தலைவரின் மனைவி. வீட்டிலிருந்தபடியே பள்ளிச் சீருடை தைப்பவர். சில மாதங்களாகக் காலையில் எழுந்ததும் அவருக்கு விரல்கள் மடங்கவில்லை. கணுக்கள் சிவந்து வீங்கியிருந்தன. பொடியின் அளவு ஒரு கரண்டியிலிருந்து இரண்டாயிற்று. வீக்கமும் இரண்டாயிற்று. பிறகுதான் யாரிடமும் சொல்லாமல் மூட்டு மருத்துவரிடம் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். பதினொன்று இருபதுக்கு வந்தது அதன் முடிவு.

"ஏங்க, டாக்டரம்மா சொல்லிட்டாங்க. எனக்கு எதிர்ப்பு சக்தி ரொம்பத் தீவிரமா வேலை செய்யுதாம். அதனாலதான்..."

அதனாலதான் என்பதற்குப் பின்னால் ஒரு வாக்கியம் இருந்தது. அதைக் கேட்க மறுமுனையில் ஆளில்லை. படைத்தலைவர் கைபேசியை அணைத்துவிட்டு, ஒரு காகிதக் கட்டின் மேல் ஏறி நின்று அறிவித்தார். மருத்துவமே ஒத்துக்கொண்டது. அச்சகத்தில் பதினான்கு பேர். பதினான்கு பேருக்கும் அவர் செலவில் டீ.

மைத்துனனுக்கு அக்காவின் அழைப்பு வந்தது டீ பாதி இறங்கியிருந்தபோது. பேசி முடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"அத்தான், இந்த டீ எதுக்கு?"

"உங்க அக்காவுக்கு சக்தி தீவிரமா இருக்காம்டா."

"ஆமா. அது அவ மூட்டையே தின்னுட்டு இருக்காம். வியாதிக்கு டீ வாங்கிக் குடுத்த ஒரே புருஷன் நீங்கதான்."

சாயங்காலம் கணவன் மனைவி இருவரையும் எதிரே உட்காரவைத்து மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கிருமியோ, வேறு வெளியாளோ உள்ளே வந்தால் அடிக்க வேண்டும்; சொந்த ஆளை விட்டுவிட வேண்டும். இரண்டும் தெரிந்தால்தான் அது எதிர்ப்பு சக்தி.

"இவங்க உடம்புல அதுக்கு ஆள் அடையாளம் தப்பிப் போச்சு சார். மூட்டுச் சவ்வை எதிரின்னு நெனச்சுத் தாக்குது. அடக்கி வைக்கணும்."

"கொஞ்சம் கூடுதலா தெம்பு குடுத்தா தெளிஞ்சுடாதா மேடம்?"

"தப்பான வீட்டுக் கதவை உடைக்கிறவனுக்கு இன்னும் பெரிய கோடரி குடுப்பீங்களா?"

பொடியால் வந்த நோயா என்று மனைவி கேட்டார். அப்படிச் சொல்ல முடியாது, இது யாருக்கும் வரலாம் என்றார் மருத்துவர். எழுதித் தந்தது வாரத்தில் ஒரே நாள் போடும் மாத்திரை. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை. அந்தச் சீட்டைப் படைத்தலைவர் சரணாகதிப் பத்திரம் போலப் பிடித்துக்கொண்டு வீடு வந்தார்.

மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டார் என்று நினைப்பீர்கள். எறியவில்லை. மனைவி மேல் உயிர். அதனால் எறிவதைவிட மோசமான காரியம் செய்தார்: சமரசம். ஒரு வாரம் மாத்திரை, மறு வாரம் இரண்டு கரண்டிப் பொடி. "டாக்டர் இறக்குவாங்க, நான் ஏத்துவேன், நடுவுல நின்னுடும்" என்றார். தராசில் காகிதம் நிறுத்துப் பழகியவர். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மனைவி இரண்டையும் விழுங்கினார்.

மூன்று மாதம் கழிந்தது. மருத்துவர் புதிய பரிசோதனைத் தாளைப் பார்த்தார். வீக்கம் குறையவில்லை. ஈரல் வேறு முனகத் தொடங்கியிருந்தது.

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களா? வேற ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?"

படைத்தலைவர் மேஜையிலிருந்த எலும்புக்கூட்டுக் கையை ஆராய்ந்தார்.

"இப்படியே விட்டா விரல் கோணிடும். அப்புறம் நேராக்க முடியாது. சொல்லுங்க."

"அவர் ஆசையா கலக்கிக் குடுக்கறார் டாக்டர்" என்றார் மனைவி. பிறகு கணவர் பக்கம் திரும்பாமலே சொன்னார். "ஊசியில நூல் கோக்க முடியலைங்க எனக்கு. ரெண்டு மாசமா பக்கத்து வீட்டுப் பொண்ணுதான் கோத்துக் குடுத்துட்டுப் போகுது. நீங்க வேலைக்குப் போனப்புறம் வரச் சொல்லியிருக்கேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா மூணு கரண்டி ஆக்குவீங்க."

மருத்துவர் குனிந்து எதையோ எழுதினார். எழுத அப்போது எதுவுமில்லை. படைத்தலைவர் சட்டைப்பையைத் துழாவினார். பொட்டலத்தை எடுத்து, வைக்க இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்து, காலடியிலிருந்த குப்பைக்கூடையில் போட்டார். அறை முழுதும் நனைந்த செருப்பு மணம் எழுந்தது. "இதையா குடிச்சீங்க?" என்றார் மருத்துவர். அன்றைய தினம் மனைவி சிரித்தது அப்போதுதான்.

இப்போது மாத்திரை வாரம் தவறுவதில்லை. ஈரல் அடங்கியிருக்கிறது. விரல்கள் காலையில் ஓரளவு மடங்குகின்றன. ஊசித்துளைதான் இன்னும் போக்குக் காட்டுகிறது.

இவ்வளவு நேரம் படைத்தலைவரைப் பார்த்துச் சிரித்தீர்கள், நல்லது. கடைசியாக மருத்துவர் உங்களிடம் பேசியபோது எந்த ஒரு வார்த்தையோடு, மிச்சத்தைக் கேட்காமல், எழுந்து வந்தீர்கள்? உங்கள் வீட்டில் யாராவது, உங்கள் முகம் வாடக்கூடாதென்று, எதையாவது வாயைத் திறக்காமல் விழுங்கிக்கொண்டிருக்கிறார்களா? விசாரித்துப் பார்க்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்வார்கள்.

படைத்தலைவர் திருந்திவிட்டாரா? போன ஞாயிறு, கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தி, எட்டு முறை நூல் எச்சில் பண்ணிக் கோத்து, மனைவி வெட்டித் தைத்த ஒரு சின்னப் பையனின் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டுக்காரர் சுவருக்கு அப்பால் இருமினார். ஒரு முறை, பொறுத்துக்கொண்டார். இரண்டாம் முறை, நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். மூன்றாம் முறை இருமியபோது நாற்காலி காலியாக இருந்தது. அந்தச் சட்டையில் மேலிருந்து மூன்று பொத்தான் இருக்கிறது. நான்காவது, ஒரு துளையில் மட்டும் நூல் ஓடி, தொங்கிக்கொண்டிருக்கிறது.