காத்துக்காரரின் ஜன்னல்கள்

சேலம், நாமக்கல் இரண்டு ஜில்லாவையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் காத்துக்காரரைப் போல எரிச்சல் கிளப்பும் மனிதர் இன்னொருவர் கிடைக்க மாட்டார். கிடைத்தால் என்னிடம் சொல்லாதீர்கள். எனக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறது.

மலை மேல் ஏரியை ஒட்டி ஆறு காட்டேஜ்கள். வெள்ளைக்காரன் காலத்தில் நெஞ்சு நோவுக்காரர்கள் வந்து தங்கித் தேறுவதற்கென்று கட்டியவை. சுவருக்குச் சுவர் ஆளுயர ஜன்னல். அவற்றுக்குக் காவல்காரர்தான் இவர். வாயைத் திறந்தால் காத்து, காத்து என்பார், அதனால் அந்தப் பெயர்; நிஜப் பெயரை யாரும் கேட்டதில்லை. நானோ திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஓட்டி, பாறையில் போர் போட்ட தூளையெல்லாம் நெஞ்சில் சேர்த்து வைத்தவன். ஒவ்வொரு கோடையிலும் டாக்டர் என்னை அங்கே துரத்துவார்.

முதல் வருஷம், குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தேன். விடிந்ததும் விடியாததுமாக உள்ளே வந்து போர்வையை உருவினார்.

"ஏனுங்க, சாத்தீட்டுப் படுக்கறதுக்கு உங்க ஊட்டுல எடமில்லீங்களா? எதுக்குங்க இத்தன தூரம் வந்து எங்க உசுர வாங்கறீங்க?"

திட்டுக்கும் ஒரு 'ங்க' போட்டுவிடுவார், திருப்பித் திட்டவும் முடியாது. அன்றே எல்லா ஜன்னல் கொக்கிகளையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குரங்கு உள்ளே வந்து, அம்மாபேட்டையில் வாங்கிய என் தட்டுவடைப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போனது. கத்தினேன். "அதுக்கும் பசிக்குமுல்லீங்க" என்றார். பத்தாம் நாள் ஏரிப்படியை நிற்காமல் ஏறி வந்தேன். பாராட்டுவார் என்று பார்த்தால், "சரியாப் போச்சுங்களா? அப்ப எடத்தக் காலி பண்ணுங்க, மூச்சு வாங்கறவங்க வருவாங்க" என்கிறார்! கழுத்தை நெரித்துவிடலாம் போலிருந்தது.

போன கோடையில் ஆத்தூரிலிருந்து ஒரு குடும்பம் பக்கத்துக் காட்டேஜுக்கு வந்தது. "பழைய வீடா இருக்கே, பிரச்சனை ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"பிரச்சனயாவதுங்க! இந்த ஊட்டுல நல்ல காத்து இருக்குதுங்கம்மா. வெள்ளக்காரன் காலத்துலருந்தே இருக்குது. படுத்தீங்கன்னா அப்படியே நெஞ்சுக்குள்ள பூந்துக்கும்."

அந்த அம்மாளுக்குக் காத்து என்றால் பேய். பெட்டியைக்கூடச் சரியாக மூடாமல் ஓடினார்கள். ஒரு செருப்பு படியிலேயே கிடந்தது.

நான் ஊர் திரும்பிய பிறகு கதை முற்றிவிட்டது. அந்தக் குடும்பம் பேய் வீடு என்று போனில் எழுதிப் பரப்பிவிட, கேமராவும் கையுமாகப் பேய் தேடும் கூட்டம் மலையேறியது. காட்டேஜ் முதலாளிக்கு வாயெல்லாம் பல். ஜன்னல்களுக்கு ஆணி அடித்துக் கருப்புச் சாயம் பூசச் சொல்லிவிட்டு எனக்குப் போன் போட்டார்: "இனிமே இருமறவங்களுக்கு ரூம் இல்லீங்க. பேய்க்குத்தான் இப்ப டிமாண்டு."

மூச்சுத் திணறுகிறவனைத் துரத்திவிட்டுப் பேய்க்கு ரூம்! சொல்ல அந்த ஆளுக்கு வெட்கம் இல்லை. கேட்டுக்கொண்டு போனை வைத்த எனக்கும் இல்லை. காத்துக்காரர் மட்டும் கடப்பாரையை எடுத்திருக்கிறார். ஆறு காட்டேஜிலும் ஜன்னல் கதவுகளைக் கீலோடு பெயர்த்து ஏரியில் வீசிவிட்டு, "இப்பச் சாத்துங்க பாக்கலாம்!" என்று கத்தினாராம். அன்றே வேலை போனது. மறுவாரமே முதலாளி புதுக் கதவு போட்டு ஆணி அடித்துவிட்டார்.

போன வாரம் இளம்பிள்ளை ஊரில், மகள் வீட்டில் இருந்த காத்துக்காரரைப் பிடித்தேன். சுற்றிலும் தறிகள் தடதடக்க, தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு இரைப்பதைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"கோட முடியப் போவுதுங்க, இன்னும் மல ஏறாம என்னங்க பண்றீங்க? ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து ஊட்டுல உங்களுக்காகச் சொல்லி வெச்சிருக்கறேன். கதவே இல்லாத ஜன்னலுங்க. நாளைக்கே போங்க."

"நீங்க?"

"நா எதுக்குங்க? ஒரு ஆளுக்குத்தான் கேட்டேன். தொரத்துன ஊருக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறதுங்க?"

எனக்கு வந்ததே கோபம்! இத்தனை வருஷத்தில் முதன்முறையாக அவரை நான் திட்டினேன்.

"வாய மூடீட்டுத் துணிய எடுத்து வைங்க. நீங்க பக்கத்துல இல்லாட்டி எனக்கு அங்கயும் மூச்சு வராதுங்க."