திரும்பி வருவதற்கு ஒரு காகிதம்

வாஷிங்டனில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரே வேலைதான். நாடு எந்தச் சண்டைக்குப் புறப்பட்டாலும், "இது நம் முன்னோர் காட்டிய வழி" என்பதற்குப் பழைய காகிதம் ஒன்றைத் தேடிக் கொடுக்க வேண்டும். கப்பலில் படை ஏறி உட்கார்ந்திருக்கும். காகிதம் வராமல் நங்கூரம் எடுக்க மாட்டார்கள். அவ்வளவு நியாயமான நாடு! கோப்பறை என் பொறுப்பு.

அந்த முறை ஒரு குட்டித் தீவு. வியாழக்கிழமைக்குள் காகிதம் வேண்டும் என்றார் இயக்குநர் ப்ரூயிட். தேட வேண்டியவள் லோர்னா. அவளுடைய ஒரே மகன் டேல் அந்தக் கப்பலில்தான் இருந்தான். பாவம், இருநூறு பெட்டியைப் புரட்டி, கப்பலைத் தடுக்கவென்றே ஒரு கடிதத்தை எடுத்து வந்தாள்.

"சார், நாட்டை உண்டாக்குன பெரியவர் ஒருத்தர் கைப்பட எழுதியிருக்கார். அடுத்தவன் சண்டையில தலையிடாதேன்னு."

ப்ரூயிட் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

"அந்தத் தீவுல இப்ப சண்டை நடக்குதா?"

"இல்ல சார். மீன் பிடிக்கிறாங்க."

"அப்ப அடுத்தவன் சண்டையே அங்க இல்லையே! நாம போய் ஆரம்பிச்சா அது நம்ம சண்டை. நம்ம சண்டையில தலையிடாதேன்னு பெரியவர் சொல்லியிருக்காரா?"

"அப்படிச் சொல்லல..."

"பின்ன என்னம்மா! அருமையான கடிதம். நகல் எடுங்க."

தடுக்க எடுத்த காகிதத்தாலேயே கப்பல் கிளம்பியது. லோர்னா கழிப்பறையில் போய் அழுதாள்.

எட்டு மாதமாகியும் தீவில் கொசுவைத் தவிர வேறு எதிரி அகப்படவில்லை. டேலுக்கு மூன்று தடவை காய்ச்சல் கண்டது. மேலிடத்துக்கே அலுத்துப்போய், "படையைத் திரும்ப அழைக்கலாம், முன்னுதாரணம் அனுப்புக" என்று உத்தரவு வந்தது. லோர்னா மூச்சிரைக்க என்னிடம் ஓடி வந்தாள்.

"வெண்டல், 'திரும்பி வருதல்'னு ஒரு அலமாரி இருந்துச்சே, எங்கப்பா அது?"

பத்து வருஷம் யாரும் கேட்காத கோப்பைக் கழித்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி. போவதற்கான கோப்புகளை வாரம் தவறாமல் கேட்பார்கள். திரும்புவதற்கானதை ஒரு ஜீவன் கேட்டதில்லை. நானேதான் கையெழுத்துப் போட்டுக் கூழாக்க அனுப்பினேன்.

"அந்த இடத்துலதான் காபி மெஷின் இருக்கு லோர்னா."

"எவன் கேட்டான் இந்த எழவு மெஷினை?"

மெஷினுக்கு இடம் ஒதுக்கச் சொல்லி வந்த மனுவை எடுத்து நீட்டினேன். அலுவலகமே கையெழுத்திட்டிருந்தது. முதல் கையெழுத்து அவளுடையது.