ஹாக்கி மைதானத்தில் நடந்த சாவு பற்றி

கோஃபோரிதுவா,
திங்கட்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் யாவ் ஓப்போங்-டார்கோ அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் எபனேசர் அசியாமா பணிவுடன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே நான், உங்கள் தங்கை கொனாடு, ஆறு கோழிகள் எல்லோரும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. காரணம் கீழே வரும். சுன்யானியில் நீங்களும் உங்கள் மருந்துக் கடையும் உங்கள் ரத்த அழுத்தமும் நல்லபடி இருப்பதாக நம்புகிறேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே படித்தால் எனக்கும் நிம்மதி.

போன புதன்கிழமை நீங்கள் தொலைபேசியில் இட்ட உத்தரவை நான் மறக்கவில்லை. எப்படி மறப்பேன், அடுத்த வீட்டுக்காரர் வரைக்கும் கேட்டதே! உங்கள் மருமகள், என் மகள் அச்சியா குட்டைப் பாவாடையும் வளைந்த மட்டையுமாக, வாயில் பல் காப்பு மாட்டிக்கொண்டு நின்ற புகைப்படம் யார் மூலமோ உங்கள் வாட்ஸப்புக்கு வந்து சேர்ந்ததும், "மருந்தியல் படிக்க அனுப்பிச்சா கட்டையத் தூக்கிட்டு ரவுடி மாதிரி நிக்கறா, நீ என்னய்யா அப்பன்?" என்று நீங்கள் கேட்டதும் நியாயம்தான். அவள் ஹாக்கியில் மட்டும் இல்லை. பட்டிமன்றக் குழு, பாடகர் குழு, ரத்ததானச் சங்கம், சதுரங்கம், மரம் நடும் சங்கம், தேனீ வளர்ப்புச் சங்கம் என்று ஹாக்கியோடு சேர்த்து ஏழு இடத்தில் பெயர் கொடுத்திருக்கிறாள். தேனீ விஷயம் உங்களுக்குத் தெரியாது என்று இப்போதுதான் உறைக்கிறது, எழுதிவிட்டேன், போகட்டும். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் ஹாக்கி நிற்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த பருவமே அவளைக் குமாசிப் பல்கலைக்கழகத்திலிருந்து கிளப்பி சுன்யானியில் உங்கள் கண்ணெதிரே இருக்கும் கல்லூரியில் போடுவேன் என்றீர்கள். நம் வழக்கத்தில் பிள்ளை தாய்வழிக்குச் சொந்தம். நாளைக்கு அந்தக் கடையும் அவளுக்குத்தான். நான் இருபது வருடம் சோறு போட்டு, தோளில் தூக்கி, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவன், அவ்வளவுதான். தாய்மாமன் சொல்லுக்கு மேல் எனக்கு என்ன பேச்சு? ராஜினாமாக் கடிதம் ஒன்றை நானே எழுதி, அவள் கையெழுத்துக்கும் பயிற்சியாளர் கையெழுத்துக்கும் கோடு போட்டு, மடித்து எடுத்துக்கொண்டு சனிக்கிழமை கிளம்பினேன்.

அன்று காலை குமாசி போகும் வழியில் எஜிசுவில் என் பழைய அலுவலக நண்பர் ஒருவரின் சாவு இருந்தது. அதனால் தோளைச் சுற்றிக் கறுப்புத் துணி, நெற்றியில் சிவப்புப் பட்டி, கறுப்புச் செருப்பு என்று முழு உடுப்பில் போனேன். "ஒரே பயணம், ரெண்டு காரியம், மாத்துத் துணி எதுக்கு சுமக்கறீங்க?" என்று யோசனை சொன்னவள் உங்கள் தங்கை. இன்று கேட்டால் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறாள். எஜிசுவில் கும்பிட்டு முடித்து, ட்ரோட்ரோ வேன் பிடித்து, ஒரு பக்கம் மரவள்ளி மூட்டையும் மறு பக்கம் தூங்கி விழும் பாதிரியாருமாக நசுங்கிப் பல்கலைக்கழக வாசலில் இறங்கினேன். மைதானம் எங்கே என்று கேட்கக்கூட அவசியம் வரவில்லை. மேளச் சத்தம் கேட்டது. ஒப்பாரி கேட்டது. எதிரே நூறு பிள்ளைகள், அத்தனை பேரும் கறுப்புச் சட்டையில், ஒரு சவப்பெட்டியைத் தோளில் வைத்து ஆட்டிக்கொண்டு வருகிறார்கள்.

மச்சான், பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவன் நான். பெட்டியைக் கண்டால் என் கால் தானாக நிற்கும். அந்நியர் சாவாக இருந்தாலும் ஒதுங்கிப் போகிற வளர்ப்பு நம்முடையது இல்லையே. வலப்பக்கம் ஆரம்பித்து இடப்பக்கம் வரை வரிசையாக எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கினேன். பிள்ளைகள் என் துணியையும் நெற்றிப் பட்டியையும் பார்த்து அப்படியே அசந்துபோனார்கள். அவர்களுக்குத் தலைவன் போல் இருந்த ஃபிஃபி என்ற ஒல்லிப் பையன் என் முன்னால் மண்டியிட்டுக் கண்ணைத் துடைத்தான்.

"யாரப்பா தவறினது?" என்றேன்.

"பக்கத்து வீட்டுக்காரர், ஐயா."

"வயசு?"

"அறுபத்திரண்டு ஐயா. வாழ வேண்டிய வயசு."

"என்ன நோய்?"

"முன்பக்கம் ரொம்ப நாளா பலவீனம் ஐயா. பின்பக்கம் காவலே கிடையாது. எவன் வேணா உள்ள போகலாம், வரலாம்."

நான் கேள்விப்படாத நோயாக இருந்தது. ஆனாலும் பழக்க தோஷம், துணி மடிப்பில் இருந்து பேனாவை எடுத்துவிட்டேன். "எத்தனை மணிக்கு உயிர் போச்சு?"

"இன்னும் போகல ஐயா. அஞ்சு மணிக்குப் போகும்."

முப்பத்தொரு வருடத்தில், நேரம் குறித்து வைத்துக்கொண்டு செத்த ஆளை நான் பதிந்ததே இல்லை. இதைப் பற்றி விசாரிக்க வாயைத் திறப்பதற்குள், "பெரியவருக்கு நாற்காலி போடுங்கடா! துக்கத் தலைவர் கிடைச்சுட்டார்டா நமக்கு!" என்று ஃபிஃபி கத்த, என்னை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய், மைதான ஓரத்தில் ஒரு பந்தலுக்குக் கீழே, பெட்டியின் தலைமாட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அப்போது அந்தப் பக்கமாக விசிலும் குறிப்பேடுமாக ஓடிய பெண்மணிதான் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் லாம்ப்டே அம்மையார் என்றார்கள். நான் எழுந்து, "அம்மா, நான் அச்சியாவோட" என்று ஆரம்பித்தேன். "அய்யோ பெரியவரே, வெயில்ல வந்திருக்கீங்க. முதல்ல உக்காருங்க, தண்ணி குடிங்க, அப்புறம் வந்த காரியத்தக் கேக்கறேன்" என்று ஓடிவிட்டார். வந்தவன் தண்ணீர் குடிக்காமல் காரியம் பேசலாமா? உங்களுக்குத் தெரியாத மரியாதையா? தண்ணீர் முழுவதும் விளையாடுகிற பிள்ளைகளுக்குப் போய்விட்டது. எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. ஆகையால் உங்கள் உத்தரவு என் துணி மடிப்புக்குள்ளேயே கிடந்தது. இது என் குற்றம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

மைதானத்தில் மஞ்சள் சட்டைப் பெண்கள் ஒரு பக்கமும் பச்சைச் சட்டைப் பெண்கள் ஒரு பக்கமும் இறங்கினார்கள். பச்சைச் சட்டையின் தலைவி நம் அச்சியா. பெருமையோடு பார்த்துக்கொண்டே திரும்பினால், என் பக்கத்துப் பெட்டி மேல் சுற்றியிருந்த துணியும் பச்சை. குனிந்து மூடியில் எழுதியிருந்ததைப் படித்தேன். "தானோ விடுதி. தோற்றம் அறுபத்திரண்டு வருடத்துக்கு முன்பு. மறைவு இன்று மாலை." தானோ விடுதி நம் பிள்ளையின் விடுதி! சுற்றி அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் பக்கத்து அஃப்ராம் விடுதிக்காரர்கள். விடுதிகளுக்குள் இறுதிப் போட்டி என்றால் எதிரிக்கு முன்கூட்டியே சாவு எடுப்பது அங்கே பழக்கமாம். நான் பெற்ற மகள் அணிக்கு நானே போய் ஒப்பாரித் தலைவனாக உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து ஓடலாம் என்றால் மடியில் ஒருவன் மேளத்தை வைத்துவிட்டான்.

பத்தாவது நிமிடம் அஃப்ராம் ஒரு கோல் போட்டது. பெட்டி எழுந்து ஆடியது, நூறு பேர் அழுதார்கள், அந்தக் களேபரத்தில் அச்சியா எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தன் சவப்பெட்டித் தலைமாட்டில், முழுத் துக்க உடுப்பில், மடியில் மேளத்தோடு பெற்ற தகப்பன். மச்சான், அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உங்கள் காலஞ்சென்ற அம்மா கடன்காரனைப் பார்க்கிற முகம் அப்படியே. அதற்குப் பிறகு அவள் ஆடியது விளையாட்டே இல்லை, பழிவாங்கல். பந்து அவள் மட்டையில் ஒட்டிக்கொண்டது. ஒருத்தியைத் தாண்டினாள், இரண்டாவது ஒருத்தியைச் சுற்றினாள், மூன்றாவது பெண் தானாகவே விழுந்துவிட்டாள், கோல்காரி கை காலெல்லாம் கட்டையும் திண்டுமாகக் குறுக்கே பாய்ந்தாள், அவளுக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு பிடி மண் அளவுதான் இடைவெளி, அந்த இடைவெளியில் படாரென்று! எனக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. மேளம் ஒரு பக்கம் உருண்டது, நாற்காலி ஒரு பக்கம் விழுந்தது, நான் நின்றுகொண்டு, "அது என் பொண்ணு! என் பொண்ணுடா அது!" என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

ஒப்பாரி அப்படியே நின்றது. ஃபிஃபி மெதுவாக என் பக்கம் வந்தான். "ஐயா, மன்னிக்கணும். நீங்க செத்தவங்க வீட்டாளா?"

"ஆமாண்டா" என்றேன். "செத்தவளப் பெத்தவன்."

இன்னொரு ஊராக இருந்தால் அடித்திருப்பார்கள். இந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? நூறு பேரும் வரிசையாக வந்து, வலமிருந்து இடமாக, என் கையைப் பிடித்து முறையாகத் துக்கம் விசாரித்தார்கள். "ஐயா, மனச தளர விடாதீங்க, அழகான பொண்ணு, சின்ன வயசு" என்று ஒருத்தி என் தோளில் சாய்ந்து உண்மையாகவே கண்ணீர் விட்டாள். சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு முட்டியது. அலுவலகத்தை விட்டு வந்த இந்த நாலு வருடத்தில் நான் அப்படிச் சிரித்ததில்லை.

கடைசி நிமிடத்தில் அச்சியா இன்னொரு கோல் போட்டாள். அதை விவரிக்க வேண்டாம் என்று பார்க்கிறேன். வலது காலை முன்வைத்து, தலையைக் கூட நிமிர்த்தாமல், தாழ்வாக, மூலையில் அடித்தாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தானோ ஜெயித்தது. உடனே பச்சைத் துணியை உருவிவிட்டு, மஞ்சள் துணியைச் சுற்றி, பெட்டியை அஃப்ராமுக்கு மாற்றினார்கள். ஆனால் ஒழுங்கான துக்க உடுப்பில் இருந்தவன் அந்த மைதானத்திலேயே நான் ஒருவன்தான். அதனால் அஃப்ராமின் சாவுக்கும் நானே தலைவன். செத்துப்போன ஃபிஃபியே என் நாற்காலியைச் சுமந்து வந்தான். எஜிசுவில் பேச வாய்ப்புக் கிடைக்காத இரங்கல் உரையை அங்கே பேசினேன், கைத்தட்டல் கிடைத்தது. பிறகு ஆடவும் செய்தேன். முழங்கால் விஷயம் இதுதான்.

எல்லாம் முடிந்த பிறகு தண்ணீர் வந்தது. குடித்தேன். லாம்ப்டே அம்மையார் முறையாக எதிரே உட்கார்ந்து, "இப்ப சொல்லுங்க பெரியவரே, வந்த காரியம் என்ன?" என்றார். சொன்னேன். கடிதத்தைக் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "தாய்மாமா சொன்னா நான் யாரு குறுக்க வர? பத்து வருஷத்துல இப்படி ஒரு பிள்ளை எனக்கு வரல. அவ்வளவுதான் சொல்லுவேன்" என்று கையெழுத்துப் போட்டார். அச்சியாவும் போட்டாள். இந்தப் பருவத்தில் ஒரு பாடத்திலும் தவறவில்லை என்று மட்டும் மாமாவுக்கு எழுதச் சொன்னாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "மாமா சொன்னா சரிப்பா. ஆனா ஒண்ணு கேக்கறேன். நிறுத்தத்தானே வந்தீங்க, அப்புறம் எதுக்கு அப்படி குதிச்சீங்க?" என்றாள். அது உங்கள் உத்தரவில் அடங்காத கேள்வி என்று வைத்துக்கொண்டேன். வழி முழுவதும் ட்ரோட்ரோவில் அந்தக் கேள்விதான் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது.

ஆக, உத்தரவு நிறைவேறிவிட்டது. அச்சியா இனி ஹாக்கி ஆடமாட்டாள். இரண்டு கையெழுத்தும் உள்ள ராஜினாமாக் கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். கர்த்தர் உங்கள் கடையில் கூட்டத்தையும், உங்கள் மூட்டுகளில் எண்ணெயையும், உங்கள் குரலில் கொஞ்சம் தணிவையும் தந்தருள்வாராக. அத்தைமார், சபை மூப்பர்கள், கடைப் பையன்கள் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள் உத்தரவுக்குக் கட்டுப்பட்ட,
எபனேசர் அசியாமா

பி.கு.: உறையைக் கவிழ்த்து உதறித் தேடுவீர்கள். தேட வேண்டாம், ராஜினாமாக் கடிதம் உள்ளே இல்லை. இதை ஒட்டுவதற்கு முன் உங்கள் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "நிறுத்தினத ரெண்டு வரி எழுதியிருக்கீங்க, கோல் போட்டத ஒரு பக்கம் எழுதியிருக்கீங்க. எங்கண்ணன் முட்டாள் இல்ல" என்றாள். ராஜினாமாவைக் கரி அடுப்பில் அவள் போடவில்லை, நான்தான் போட்டேன். அச்சியாவுக்குத் தொலைபேசி செய்து, "நீ ஆடும்மா" என்றேன். அந்தப் பக்கம் எழுந்த கூச்சலில் என் வலது காது இன்னும் அடைத்திருக்கிறது. ஒரு விடுதியே கத்தியது. கோபம் இருந்தால் முழுவதும் என் மேலேயே இருக்கட்டும், பிள்ளை மேல் வேண்டாம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி பதினான்காம் தேதி சுன்யானியில்தான் நடக்கிறது. நானும், இந்தத் தடவை எதிரணிக்கான பெட்டியும், ஃபிஃபியோடு சேர்த்து நாற்பது பிள்ளைகளும் வருகிறோம். உங்கள் வீட்டு முற்றம் பெரிது என்று கொனாடு அந்தப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். தாய்மாமன் இருக்கும் ஊரில் துக்கத் தலைவன் நாற்காலியில் நான் உட்காரக் கூடாது, அது உங்களுக்கு. வந்து உட்காருங்கள் மச்சான். நம் பிள்ளை கோல் போடும்போது நீங்கள் அசையாமல் உட்கார்ந்தே இருந்துவிட்டால், அந்த இடத்திலேயே இன்னொரு ராஜினாமாவை என் கையால் எழுதித் தருகிறேன்.