மொட்டை மாடியில் கண்ணாடி வயல்

நடுக்கடலில் இரும்பு மேடைமேல் நின்று பூமியின் வயிற்றைக் குடைந்து எண்ணெய் எடுத்துக்கொண்டிருக்கும் என் அக்காவின் அருமைப் புதல்வனுக்கு,

உன் தாய்மாமன், சலவைக்கடைச் சக்கரவர்த்தி, கறைகளின் காலன், சூரியனையே சம்பளமில்லாமல் வேலைக்கு அமர்த்திய மாவீரன், இரு கையும் தூக்கி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் சௌக்கியம். நடுவில் என் கௌரவம் மட்டும் கொஞ்சம் நனைந்துபோனது, இப்போது காய்ந்துவிட்டது. அங்கே நீயும் உன் எண்ணெயும் சௌக்கியம்தானே?

மாப்பிள்ளை, முதலில் நல்ல செய்தி. உன் வேலைக்கு இனி எதிர்காலம் கிடையாது. வருத்தப்படாதே. கடிதம் கண்டவுடன் முதலாளியிடம் சொல்லிக்கொண்டு, துளையை ஒரு நல்ல மூடியாகப் பார்த்து மூடிவிட்டு, மூட்டை கட்டிக்கொண்டு வந்து சேர். உன் மாமன் அந்நிய எண்ணெயின் பிடியிலிருந்து விடுதலை அடைந்துவிட்டான். இன்று நம் கடை, நாளை இந்தத் தெரு, அடுத்த வாரம் உலகம்.

நம் கடையின் கதை உனக்குத் தெரியும். ஊர் மின்சாரம் விருந்தாளி மாதிரி எப்போதாவது வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும். மற்ற நேரமெல்லாம் ஜெனரேட்டர்தான். நீ அங்கே தோண்ட வேண்டும், அது கப்பலேறி வர வேண்டும், அப்புறம்தான் இங்கே துவைக்கிற மெஷின் ஒரு சுற்றுச் சுற்றும். கப்பல் தாமதமானால் நாங்கள் கை கட்டி நிற்போம். போன மாதம் அப்படி நின்றதில் வெள்ளிக்கிழமைதோறும் கொடுக்க வேண்டிய ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் இரண்டு தடவை தாமதமாகிவிட்டன. தலைமை நர்ஸ் நேரில் வந்து, அமைதியாக, ஊசி போடுவதற்கு முன் தடவிக்கொடுப்பார்களே அந்தக் குரலில், இன்னொரு தடவை வெள்ளிக்கிழமை தப்பினால் விரிப்புகள் எதிர்க்கடைக்குப் போகும் என்று சொல்லிவிட்டுப் போனார். எதிர்க்கடைக்காரனைத்தான் தெரியுமே, கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாகவே நிற்பதால் ஊரெல்லாம் கஞ்சி என்று கூப்பிடும் ஆள். ஆஸ்பத்திரி போனால் நம் கடையில் மிஞ்சுவது கைக்குட்டையும் என் பேச்சும்தான் என்றாள் உன் அத்தை.

அன்றுதான் சபதம் செய்தேன். உன் அத்தை தன் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்த சமயம் பார்த்து எலக்ட்ரீஷியன் ஷாக்கை அழைத்தேன். ஷாக் என்பது பட்டப்பெயர். அவர் கை வைத்த சுவிட்சைத் தொடுகிறவர்களுக்கெல்லாம் அடிப்பதால் வந்தது. மொட்டை மாடியை அளந்தோம். பழைய கம்பங்கள், கயிறுகள் எல்லாவற்றையும் குப்பை என்று பிடுங்கி எறிந்தோம். ஒரு சாண் இடம் விடாமல் சோலார் தகடுகளைப் பரப்பினோம். கண்ணாடி வயல், மாப்பிள்ளை! மேலே பறந்த காக்கைகள் கண் கூசிப் பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்தன. கீழே மெஷின் பொத்தானை அழுத்தினேன். ஒரு சொட்டு டீசல் இல்லாமல் அது சுற்றியபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஷாக்கும் அழுதார், முதல் தடவையாக அவர் செய்த ஒன்று வேலை செய்கிறதே என்று.

மறுநாள் உன் அத்தை ஊரிலிருந்து வந்தாள். என் பிரசங்கம் முழுவதையும் கேட்டுக்கொண்டே முதல் கூடை ஈரத்துணியை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறினாள். நானும் ஷாக்கும் பாராட்டுக்காகப் பின்னாலேயே போனோம். அவள் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா இருக்குங்க," என்றாள். "துணியை எங்க காயப் போடறது?"

மாப்பிள்ளை, சலவைத் தொழிலில் தலை நரைத்தவன் நான். நான் மறந்தது பரவாயில்லை, ஷாக் மறக்கலாமா? அவரைப் பார்த்தேன். அவர் ஆகாயத்தைப் பார்த்தார். மேதைகள் பின்வாங்குவதில்லை என்பதால் அன்று மாலையே துணி உலர்த்தும் டிரையர் ஒன்று வாங்கி வந்தேன். அதன் பசியை என்னவென்று சொல்வது! தகடுகள் நாளெல்லாம் பாடுபட்டுச் சேர்த்த மின்சாரத்தை ஒரு தலையணை உறைக்கே விழுங்கிவிட்டு, அடுத்து என்ன என்று பார்த்தது. வேறு வழியில்லாமல் டிரையருக்கு ஜெனரேட்டரைப் பூட்டினோம். யானைகூடக் குடிக்கும்போது நடுவில் மூச்சு வாங்கும், இது வாங்கவில்லை. அந்நிய எண்ணெயை ஒழிக்கக் கிளம்பிய நான், முன்பு வாங்கியதைப்போல் இரண்டு மடங்கு டீசல் வாங்கினேன். டீசல் கடைக்காரர் என்னைக் கண்டால் எழுந்து நின்று தன் நாற்காலியைத் தர ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. டீசல் தீர்ந்தது. கப்பல் வரவில்லை, அது உன் கப்பலாகத்தான் இருக்கும். கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகள் ஈரமாக மலைபோல் குவிந்து கிடந்தன. எதிரே கஞ்சி தன் கடை வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, ஆஸ்பத்திரி வண்டி நிற்க இடம் பண்ணிக்கொண்டிருந்தான். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். உன் அத்தை ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். போய்ப் பார்த்தால், தகடுகளைப் புழுதி போகத் துடைத்துவிட்டு விரிப்புகளை ஒவ்வொன்றாக அவற்றின்மேலேயே விரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஷாக் பதறிவிட்டார். "அக்கா, அது கரண்ட் தயாரிக்கிற கண்ணாடிக்கா."

"வெயில்ல கிடக்கிற கண்ணாடிதானே? அது கரண்ட் தயாரிக்கும்போது தயாரிக்கட்டும். இப்ப துணியைக் காயவைக்கட்டும். அந்த முனையைப் பிடிங்க."

பிடித்தோம். கறுப்புத் தகடு வெயிலில் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. ஒரு பக்கம் விரித்துவிட்டு மறு கோடிக்குப் போவதற்குள் விரிப்புகள் அப்பளமாகிவிட்டன. ஆஸ்பத்திரி வண்டி வந்தபோது மடித்த அடுக்கு வாசலில் தயாராக இருந்தது. தலைமை நர்ஸ் ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, இவ்வளவு மொரமொரப்பாக எதிலும் படுத்ததில்லை என்றார். கஞ்சி அன்றுதான் வாழ்க்கையில் முதல் தடவையாகத் துவண்டு நின்றான்.

அன்றிலிருந்து ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். காலையில் தகடுகள் மின்சாரம் தரும், மெஷின் துவைக்கும். மதியத்துக்குமேல் அதே தகடுகள் துணி காயவைக்கும். துடைத்துத் துடைத்து அவை பளபளவென்று ஆனதில் முன்னைவிட அதிகமாகவே மின்சாரம் வருகிறது என்கிறார் ஷாக். டிரையர் இப்போது உன் அத்தை சோப்பு அடுக்கிவைக்கும் அலமாரி. ஜெனரேட்டரை என்ன செய்தேன் தெரியுமா? நானே தெருவைக் கடந்து உருட்டிக்கொண்டு போய்க் கஞ்சிக்குத் தானமாகக் கொடுத்தேன். கொடுக்கும்போது, 'இது இனி எங்களுக்குத் தேவைப்படாது, எண்ணெய் யுகத்தின் நினைவாக வைத்துக்கொள்' என்று தெருவே கேட்கும்படி சிறியதாக ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். சாயங்காலம்வரை ஆற்றினேன்.

ஆகவே தாமதிக்காமல் வேலையை உதறிவிட்டு வா. இங்கே விரிப்பின் மறு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். உன் நெஞ்சில் ஈரமும் தலையில் முடியும் என்றும் குறையாதிருக்க வாழ்த்தும்,

உன் மாமன்.

பி.கு.: மேலே உள்ளதெல்லாம் வெயில் நாளில் எழுதியது என்று வைத்துக்கொண்டு படிக்கவும். உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. விடுகிற மாதிரித் தெரியவில்லை. தகடுகளில் மின்சாரமும் இல்லை, வெப்பமும் இல்லை. நாளை வெள்ளிக்கிழமை. ஜெனரேட்டரைக் கொஞ்சம் இரவல் கேட்டு வா என்று உன் அத்தையைக் கெஞ்சினேன். "பேசினது நீங்கதானே, நீங்களே போய்க் கேளுங்க" என்று குடையைக் கையில் கொடுத்துவிட்டாள். எதிரே கஞ்சி ஜெனரேட்டரின்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, பதில் சொற்பொழிவுக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறான். நீ அவசரப்பட்டு வேலையை விட்டுத் தொலைக்காதே. அந்த மூடியைத் திறந்து, இன்னும் கொஞ்சம் ஆழமாகவே தோண்டு.